பேட்டரி மாற்ற யாரிடம் அனுமதி கேட்பது?

2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பிஎல்-5சி என்ற தன் பேட்டரியில், ஜப்பானின் மட்சுஷிடா தயாரித்துக் கொடுத்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றது. இந்தியாவில் அந்தச் செய்தி "நோக்கியா போன் வெடிக்குதாம்" என்று உருமாறி ஊரெல்லாம் பரவியது. ஆனாலும் சோதித்துப் பார்ப்பது எளிதாகவே இருந்தது. போனின் பின்மூடியை நகத்தால் தள்ளி, பேட்டரியை வெளியே எடுத்து, அதில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தால் போதும். சந்தேகப் பட்டியலில் இருந்தால் வேறு பேட்டரி இலவசம். போன் சர்வீஸ் சென்டரில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை.

இன்றைய போனில் அதே சிக்கல் வந்தால், பேட்டரியின் எண்ணைப் படிக்கவே கண்ணாடியைச் சூடேற்றிப் பிசினை இளக்க வேண்டும். பிசின்கூடப் பெரிய விஷயமில்லை, கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் அதைச் சமாளித்துவிடுவார். அவர் கையைக் கட்டிப்போடுவது போனுக்குள் எழுதிவைத்திருக்கும் மென்பொருள்தான். விலை கொடுத்து வாங்கியவர் எந்த உதிரிபாகத்தைப் பொருத்தலாம், யார் பொருத்தலாம் என்பதை விற்றவரே தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டைச் சட்டம் தடுக்க வேண்டும்.

ஆப்பிளின் கதையிலிருந்து தொடங்கலாம். லித்தியம் அயான் பேட்டரி வயதாக ஆக, ஒரே நொடியில் அதிக மின்சாரம் கேட்டால் கொடுக்கத் திணறும். போன் திடீரென்று அணைந்துவிடும். இதைத் தடுக்க 2017 தொடக்கத்தில் ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1 வழியாக ஒரு வேலை செய்தது. பேட்டரி தளர்ந்த ஐபோன்களில் பிராசஸரின் வேகத்தைக் குறைத்தது. பொறியியல் கணக்கில் இதில் தவறில்லை. அணைந்துபோகும் போனைவிட மெதுவான போன் மேல். ஆனால் வேகம் குறைவது பேட்டரியால்தான், அதை மாற்றினால் சரியாகிவிடும் என்பதை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்லவில்லை. போன் பழசாகிவிட்டது என்று நினைத்தவர்கள் புதுப் போன் வாங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல் தன்னிடமிருந்த அளவீடுகளை வரைபடமாக வெளியிட்டார். சில நாட்களில், டிசம்பர் 20 அன்று, ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 28-ஆம் தேதி மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. இந்தியாவில் வரி நீங்கலாக 6,500 ரூபாய் 2,000 ஆனது.

பின்னால் நடந்ததுதான் சுவாரசியம். 2019 ஜனவரி 2 அன்று தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டில் குறைந்தது 8,900 கோடி டாலர் வருவாய் வரும் என்று சொல்லியிருந்தவர், 8,400 கோடிதான் வரும் என்றார். முக்கியக் காரணம் சீனச் சந்தையின் மந்தம். ஆனால் ஐபோன் விற்பனை சுணங்கியதற்கான காரணங்களில், குறைந்த கட்டணத்தில் பலர் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் அவரே குறிப்பிட்டிருந்தார். 29 டாலர் செலவழித்தவருக்குப் புதுப் போன் தேவைப்படவில்லை. ரிப்பேர் மலிவானால் விற்பனை குறையும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அபராதங்களும் வந்தன. பிரான்ஸ் 2.5 கோடி யூரோ விதித்தது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 50 கோடி டாலர் வரை தர 2020-இல் ஆப்பிள் சம்மதித்தது. காலாண்டுக்கு எட்டாயிரம் கோடி டாலர் பார்க்கும் நிறுவனத்துக்கு இது சில்லறை.

அடுத்து வந்தது பூட்டு. போனின் மதர்போர்டும் டிஸ்ப்ளேயும் பேட்டரியும் கேமராவும் தனித்தனி வரிசை எண் கொண்டவை. தொழிற்சாலையிலேயே அந்த எண்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டுவிடுகிறார்கள். வெளியில் யாராவது பாகத்தை மாற்றினால் எண் பொருந்தாது. எச்சரிக்கை வரும், அல்லது ஏதாவது ஒரு வசதி நின்றுபோகும். 2019-இல் சில ஐபோன்களில் வெளிக்கடையில் பேட்டரி மாற்றியவர்களுக்கு, பேட்டரி எத்தனை சதவீதம் நலமாக இருக்கிறது என்ற விவரமே தெரியாமல் போனது. இரண்டு ஒரிஜினல் ஐபோன்களுக்கு இடையே ஒரிஜினல் பேட்டரியையே இடம்மாற்றிப் போட்டாலும் இதே கதை. 2021-இல் வந்த ஐபோன் 13-இல் டிஸ்ப்ளேயை மாற்றினால் முகம் காட்டித் திறக்கும் வசதி செத்துப்போனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆப்பிள் அதை மென்பொருள் வழியாகச் சரிசெய்தது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்தப் பூட்டின் பொருள் சட்டென்று விளங்கும். டிரான்சிஸ்டர் காலத்திலிருந்தே எலக்ட்ரானிக்ஸ் புழங்கும் தெரு அது. நகத்தளவு ஐசியைச் சூடான காற்றால் பெயர்த்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் மறுபடி பொருத்துகிற கைகள் அங்கே உண்டு. உடைந்த டிஸ்ப்ளேக்கு மாற்றாக "காம்போ" போடும்போது, பழையதிலிருக்கும் தரவைப் படித்துப் புதியதில் எழுத ஒரு தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். சில மாடல்களில் பழைய டிஸ்ப்ளேயிலிருக்கும் சிறு சிப்பைக் கழற்றிப் புதியதில் ஒட்டவேண்டியிருக்கிறது. இவ்வளவு திறமையும் பழுதை நீக்குவதற்குப் போகாமல், தயாரிப்பாளர் வைத்த தடையைத் தாண்டுவதற்குப் போகிறது. அந்தக் கூடுதல் வேலைக்கும் வாடிக்கையாளர்தான் காசு கொடுக்கிறார். அங்கே வரும் ஐபோன்களில் பல, ரிச்சி தெருவிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் தயாரானவை. ஓரிடத்தில் தமிழ்நாட்டுக் கைகள் அதே போனை முடுக்கலாம், இன்னோரிடத்தில் திறக்கக் கூடாது.

நிறுவனங்களின் வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். மட்டமான டூப்ளிகேட் பேட்டரி தீப்பிடிக்கும் என்பது பொய்யில்லை. திருட்டுப் போன்கள் பாகம் பாகமாக விற்கப்படுவதும் நடக்கிறது. கைரேகை, முகம் தொடர்பான சென்சாரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் பாதுகாப்புக்குக் கேடு. இவை நியாயமானவை. ஆனால் திருட்டைத் தடுக்க, திருடப்பட்ட போனின் பாகங்களை மட்டும் முடக்கினால் போதாதா? அமெரிக்காவின் எஃப்டிசி என்ற வர்த்தக ஆணையம் 2021 மே மாதம் தந்த அறிக்கையில், ரிப்பேரைத் தடுக்க நிறுவனங்கள் சொல்லும் காரணங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்ற சமாதானமும் முழுதாக நிற்காது. சாம்சங்கின் எக்ஸ்கவர் 6 ப்ரோ தண்ணீரைத் தாங்கும். அதன் பேட்டரியையும் கையால் கழற்றலாம்.

ஆப்பிளுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரையும் மறுக்க வேண்டாம். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வெளிவந்த ஐஓஎஸ் 15 வரை புதுப்பிப்புகளைப் பெற்றது. அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிடப்பட்டன. நெடுநாள் உழைக்கும் மென்பொருளைத் தருகிற நிறுவனம், நெடுநாள் உழைக்க வேண்டிய பேட்டரிக்குத் தடை போடுவது இன்னும் உறுத்துகிறது.

பிரிண்டர் உலகம் இதைவிட வெளிப்படையானது. 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் பல, வேறு கம்பெனி இங்க் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. 2024 ஜனவரியில் அதன் அப்போதைய தலைவர் என்ரிகே லோரெஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், எச்பியின் இங்க்கைப் பயன்படுத்தாத வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு ஒரு மோசமான முதலீடு என்ற பொருளில் பேசினார். ஒளிவுமறைவில்லாத அந்தப் பேச்சுக்காகவாவது அவருக்கு நன்றி சொல்லலாம்.

சட்டம் வந்தால் நிறுவனங்கள் வளைந்துகொடுக்கின்றன. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 2024 மார்ச்சில் நிறைவேற்றிய சட்டம், பாகங்களை மென்பொருளால் முடிச்சுப்போட்டு ரிப்பேரைத் தடுப்பதற்கே தடை விதித்தது. ஆப்பிள் கடைசிவரை எதிர்த்தது. அடுத்த மாதமே, பழைய ஐபோன்களிலிருந்து எடுத்த ஒரிஜினல் பாகங்களைச் சில மாடல்களில் முழு வசதியோடு பயன்படுத்த வழிசெய்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவுக்கும் முன்னனுபவம் உண்டு. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காருக்குப் பொருந்திய நியாயம் போனுக்கு வரும்போது ஏனோ குரல் இறங்கிவிடுகிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் இணையதளம் திறந்தது. பிறகு இன்னொரு குழு, 2025 மே மாதம், பொருட்களுக்கு "ரிப்பேர் செய்யும் எளிமை" மதிப்பெண் தரும் திட்டத்தைக் கொடுத்தது. கழற்றுவது எளிதா, பாகம் கிடைக்குமா, மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் மதிப்பெண் போட்டுக்கொள்ளப் போவது தயாரிப்பாளரே. பிரான்ஸ் 2021-இல் கொண்டுவந்த இதேபோன்ற அட்டவணை உதிரிபாகத்தின் விலைக்கும் மதிப்பெண் தந்தது. அதையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரு டிஸ்ப்ளே பாதிப் போன் விலைக்கு விற்றால், அது கிடைக்கிறது என்பதால் யாருக்கு என்ன லாபம்?

மதிப்பெண் வேண்டும்தான். அது வாங்குமுன் எச்சரிக்கும். வாங்கிய பின் விழும் பூட்டை உடைக்க ஆரெகன் மாதிரி ஒரு தடை வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. ஆரெகனிலேயே அந்தத் தடை 2025 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான போன்களுக்குத்தான் பொருந்தும். இந்தியாவிலும் சட்டம் வந்தால், வந்த தேதியிலிருந்துதான் கணக்கு. அதற்குமுன் பெட்டியிலிருந்து வெளியே வந்த போன்கள் எல்லாம் பூட்டோடேயே பழசாகும்.