ஒட்டடையும் வலையும்

தீபாவளிக்கு முந்தைய வாரம் வீடுதோறும் ஒட்டடைக்கோல் உயர்கிறது. கூரை மூலையில் தொங்குவன யாவும் அதற்கு ஒன்றே. தூசி படிந்து கைவிடப்பட்ட பழைய நூலும், முந்தைய இரவு கொசுவைப் பிடித்த புதிய வலையும் ஒருசேரச் சுருண்டு வருகின்றன. முன்னதுதான் ஒட்டடை, பின்னது ஓர் உயிர் குடியிருக்கும் வீடு. இரண்டையும் பிரித்துப் பார்த்த பின்னரே கோலை எடுக்க வேண்டும்.

அது கடினமான செயலன்று. மயிரிழை போன்ற நெடுங்கால்களுடன் கூரை மூலையில் தலைகீழாகத் தொங்குவது நெடுங்காற் சிலந்தி. வலையைத் தொட்டால், உருவமே மங்கித் தெரியும் அளவுக்கு விரைந்து அதிரும். பெண் சிலந்தி முட்டைகளைப் பந்தாகச் சேர்த்து வாயில் கவ்வியிருப்பதையும் காணலாம். சன்னலின் பின்னும் மேசைக்கு அடியிலும் வாழ்வது வேறு வகை. மிளகளவு உருண்டை வயிறு, பழுப்பு நிறம், தாறுமாறாகப் பின்னிய வலை. ஆனால் அந்த வலை தாறுமாறானதன்று. அதிலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டிய நூல்களின் கீழ்முனையில் பசை இருக்கும். ஊர்ந்து வரும் எறும்பு அதில் பட்டதும் நூல் தரையை விட்டுக் கழன்று, எறும்பைக் கிணற்று வாளி போல் மேலே தூக்கிவிடும். பின்னங்கால் நுனியிலுள்ள சீப்புப் போன்ற மயிர்களால் சிலந்தி பசைநூலை வாரி இரைமீது வீசும். இத்தகைய பொறியைத்தான் துடைப்பம் ஒரே வீச்சில் அழிக்கிறது.

தோட்டத்து வட்ட வலையின் நடுவே, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கற்குறி போல் அமர்ந்திருப்பது கையொப்பச் சிலந்தி. கால்களின் நீட்சியாக வெண்ணிற நெளிகோடுகளையும் அது நெய்திருக்கும். அவை பூச்சிகளை ஈர்க்கவா, பறவைகள் மோதாமல் காக்கவா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

சுவரில் தட்டையாக ஒட்டியிருக்கும் பெரிய பழுப்புச் சிலந்தியோ இரைக்காக வலை பின்னுவதே இல்லை. கரப்பான்பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். அதைக் கண்டு அலறுவோரே கரப்பானைக் கண்டும் அலறுகின்றனர்!

இந்த அச்சத்தில் சொல்லுக்கும் பங்குண்டு. பேச்சுவழக்கில் அதன் பெயர் எட்டுக்கால் பூச்சி. கால்களின் கணக்குச் சரி. ஆறு கால்களே உடைய பூச்சியினத்தில் சேர்த்தது பிழை. 'சிலந்தி' என்னும் சொல் கட்டியையும் புண்ணையும் கூடக் குறிக்கும். கினிப் புழு நோயை 'நரம்புச் சிலந்தி' என்றனர். குடிநீர் வழியே பரவிய அந்நோயிலிருந்து இந்தியா விடுபட்டதாக 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்கும் சிலந்திக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மழைக்காலத்தில் விளக்கொளியை நாடிவரும் ஒரு சிறு வண்டு தோலில் நசுங்கினாலும் கொப்புளம் தோன்றும். காலையில் பழி சிலந்தியின் மீதே விழுகிறது. ஆந்திரத்து ஸ்ரீகாளஹஸ்தியின் பெயரில் 'ஸ்ரீ' என்பது இறைவனை வழிபட்ட சிலந்தியைக் குறிக்கும் என்கிறது தலபுராணம். ஊர்ப்பெயரில் முதலிடம் பெற்ற உயிருக்கு வீட்டு மூலையில் இடமில்லை.

சிலந்திகளுக்கு நஞ்சு இல்லை என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் வீட்டில் காணப்படும் பெரும்பாலானவற்றின் நஞ்சு சிறு பூச்சிகளை அடக்கவே உதவுவது. எந்தச் சிலந்தியையும் வெறுங்கையால் பிடித்தல் கூடாது. கடித்தபின் வலி மிகுந்தால் மருத்துவரை நாட வேண்டும். அடுப்பின் மேலும் தொட்டிலின் மேலும் உள்ள வலையை நீக்குவதில் தவறில்லை. சுவர்ச் சிலந்தியை அகன்ற கிண்ணத்தால் மூடி, அடியில் அட்டையைச் செருகித் தோட்டத்தில் விட்டுவிடலாம்.

மற்ற மூலைகளில் முதலில் மெல்ல ஊதிப் பார்க்கலாம். உள்ளே அசைவு ஏதுமின்றித் தூசி மட்டும் உதிர்ந்தால், தாராளமாகக் கோலை உயர்த்தலாம்.