சத்து வியாபாரமும் சோகையும்

தலைமுடி கொட்டுகிறது, சரீரம் அசதியாக இருக்கிறது, மாதவிலக்கு நாள் தவறி வருகிறது, இரவில் உறக்கம் பிடிக்கவில்லை என்று ஒரு ஸ்திரீ வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில், அவளுக்குத் தாதுச் சத்துக்கள் நிலைகுலைந்துவிட்டன என்றும், அதனால் ஹார்மோன்கள் தாறுமாறாகிவிட்டன என்றும் தீர்ப்புக் கூறி, துத்தநாகம், மக்னீசியம், செலினியம், குரோமியம் என்று சகல லோகங்களையும் ஒரே புட்டியில் அடைத்து விற்கிற பெரியதொரு வியாபாரம் இன்று மருந்துக் கடை முதல் கைப்பேசித் திரை வரையில் நடந்து வருகிறது. மளிகைச் செலவைக் குறைத்துக்கொண்டு இந்தப் புட்டிகளை வாங்கும் குடும்பங்கள் உண்டு. அரசாங்கம் இனாமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டு வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. என்ன குறைகிறது, எதனால் குறைகிறது என்று அளந்து பாராமலே மாத்திரையைக் கையில் கொடுத்துவிடும் நம் வழக்கத்திலிருந்துதான் இவ்விரண்டும் பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

வியாபாரிகள் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது சுலபம். தாதுக்களுக்கும் ஹார்மோன்களுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டென்பது விஞ்ஞான சாஸ்திரம் ஒப்புக்கொண்ட விஷயமே. கழுத்தின் முன்புறத்தில் அமைந்திருக்கும் தைராய்டுச் சுரப்பி உண்டாக்குகிற பிரதான ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கழற்றினால்தான் அது முழு வீரியத்தை அடைகிறது. கழற்றும் வேலையைச் செய்கிற என்சைம்களுக்குச் செலினியம் வேண்டும். அயோடினை முதலில் ஹார்மோனில் பிணைத்துத் தருகிற என்சைமோ இரும்பை ஆதாரமாகக் கொண்டது. ஆகவே, உப்பில் போதிய அயோடின் இருந்தும், சோகை பிடித்த பெண்ணின் தைராய்டு மந்தமாக வேலை செய்யக்கூடும். தைராய்டு மந்தமானால் மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகும்; உதிரம் அதிகமாகப் போனால் இரும்பு இன்னும் குறையும். இப்படி ஒன்றை ஒன்று வளர்க்கும் இரு வியாதிகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட பெண்ணுக்கு, பதினைந்து லோகங்கள் அடங்கிய புட்டியால் ஆகும் பிரயோஜனம் என்ன?

இரும்பின் கணக்கை மாத்திரம் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரண மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லிலிட்டர் வரையில் போவதால், மாதந்தோறும் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு கழிந்துவிடும். 80 மில்லிலிட்டரைக் கடந்து, நம் முன்னோர் பெரும்பாடு என்று சொன்ன நிலைக்கு வந்துவிட்டால் 40 மில்லிகிராமுக்கும் மேல் போய்விடும். சோறும் பருப்பும் கீரையுமாகிய நம்முடைய உணவில் இரும்பு இல்லாமலில்லை; ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குகூட உடலில் ஏறுவதில்லை, சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ அருந்தினால் அதுவும் குறைந்து போகிறது. இதையெல்லாம் உத்தேசித்துத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணையில் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் என்றும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்றும் நிர்ணயித்தது. அட்டவணையில் பெண்ணுக்கு அதிகம். ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைக் கொண்டு பசியாறுகிறவள் வீட்டுக்கு வீடு அவளேதான். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உள்ளவர்கள் என்று தெரியவந்தது. தமிழ்நாட்டில் 53 பேர். இதற்கு முந்தைய கணக்கெடுப்பில் தேசம் முழுவதற்குமான எண் 53. சோகைத் தடுப்புத் திட்டம் 1970-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்பதை நினைத்தால், இது அற்ப விஷயமாகத் தோன்றவில்லை.

மாத்திரை இருந்தும் ஏன் இந்தக் கதி என்று கேட்டால், பெண்களின் அறியாமை என்று அதிகாரிகள் பதில் சொல்லிவிடுவது வழக்கம். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாத்திரையை விழுங்கினால் குமட்டும், மலம் கட்டும், கறுத்தும் போகும். அப்படிக் கறுப்பது இரும்பின் இயல்பே, அதற்கு அஞ்ச வேண்டாம் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லையென்றால், கர்ப்பிணிப் பெண் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஏதோ ஆகிவிடும் என்று பயந்து மாத்திரையை ஒதுக்கிவைப்பது அறியாமையா, தாய்மைக்குரிய ஜாக்கிரதையா? இரும்பு குறைந்த ஸ்திரீகளுக்குத் தினந்தோறும் கொடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால், கொடுத்த அளவில் அதிகப் பங்கு உடலில் ஏறுகிறது என்று ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2017-ஆம் ஆண்டில் கண்டார்கள். தினசரி மாத்திரை தாங்காதவர்கள் மருத்துவரிடம் கேட்டு அம்முறையைக் கைக்கொள்ள இடமுண்டு. கர்ப்பிணிகள் மாத்திரம் தாமாக அளவை மாற்றிக்கொள்ளலாகாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. சோகை என்று கண்டவுடன் மாத்திரை கொடுக்கிறார்களேயொழிய, உதிரம் எத்தனை நாள் போகிறது, துணி எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும், தாய்க்கும் பாட்டிக்கும் அப்படித்தான் இருந்தது, இது குடும்ப வாகு என்று சொல்லிவிடுகிற பெண்கள் அநேகர். கருப்பையில் கட்டி இருக்கலாம், தைராய்டு மந்தமாக இருக்கலாம், காப்பர்-டி வைத்துக்கொண்ட பின்னர் போக்கு அதிகமாகியிருக்கலாம். சோகையே வைட்டமின் பி-12 குறைவினாலோ பரம்பரையாக வரும் தலசீமியாவினாலோ வந்திருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்துக்கு மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

இனிப் புட்டிகளைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உண்டாகும் எரிச்சலும் வலியும் சுண்ணாம்புச் சத்தினால் தணியுமா என்று 466 ஸ்திரீகளிடம் பரீட்சித்து 1998-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், தினம் 1,200 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்குத் தொல்லை நூற்றுக்கு 48 பங்கு தணிந்தது. வெறும் போலி மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் 30 பங்கு தணிந்தது. பலன் உண்டென்பதும் மெய்; “நான் சாப்பிட்டேன், குணமாயிற்று” என்கிற சாட்சியத்தில் எவ்வளவு பங்கு நம்பிக்கையின் வேலை என்பதும் இதிலிருந்து தெரியும். அதே சுண்ணாம்புச் சத்தை வைட்டமின் டி-யுடன் சேர்த்து, மாதவிலக்கு நின்ற 36,282 அமெரிக்க ஸ்திரீகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2006-ஆம் ஆண்டில் வெளியானபோது, இடுப்பெலும்பு முறிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சிறுநீரகக் கல் நூற்றுக்கு 17 பங்கு அதிகமாயிற்று என்று கண்டார்கள். துத்தநாகத்தை அளவு மீறி நெடுநாள் உண்டால் செம்பு குறைந்துபோகும். செலினியத்தின் கதை இன்னும் விசித்திரமானது: 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில், சீட்டில் குறித்ததைப்போல் சுமார் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டதால் 201 பேர் பீடிக்கப்பட்டார்கள்; முடி வளரும் என்று நம் பெண்கள் வாங்குகிற அதே சத்தினால் அவர்களுக்கு முடி கொட்டியது.

தலைமயிரை வெட்டி அனுப்பினால் உடலிலுள்ள தாதுக்களையெல்லாம் கணக்கிட்டுத் தருகிறோம் என்கிற சோதனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆரோக்கியமான பதின்வயதினர் இருவரின் முடியை 13 ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்து ஓர் அமெரிக்க மருத்துவர் 1985-ஆம் ஆண்டில் எழுதினார். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை, பல ஆய்வகங்கள் சத்து மாத்திரைகளையும் கூடவே சிபாரிசு செய்திருந்தன. “உங்கள் ரத்தத்தில் செம்பு அதிகம், அதுவே ஹார்மோன் கோளாறு” என்று பயமுறுத்துவதும் இந்த ரகமே. ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால், செம்பைச் சுமந்து செல்லும் புரதத்தை ஈரல் அதிகமாகச் சுரக்கிறது; கர்ப்ப காலத்தில் ரத்தத்திலுள்ள செம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அது விஷமல்ல, இயற்கை.

தாதுச் சத்தைக் கொண்டு ஒரு ஜன சமூகத்தின் ஹார்மோன் குறையைத் தீர்த்த நல்ல உதாரணம் நம் தேசத்திலேயே இருக்கிறது. இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில், கழுத்துக் கழலை மலிந்திருந்த கிராமங்களில், டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய சகாக்களும் 1956-ஆம் ஆண்டு முதல் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்க்க, கழலை கணிசமாகக் குறைந்தது. 1962-ஆம் ஆண்டில் தேசியத் திட்டம் பிறந்தது. யாரும் புட்டி வாங்கவில்லை, எந்தப் பெண்ணும் தனியாக நினைவு வைத்து எதையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை. அப்படியிருந்தும், தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவிக்கிற நம்முடைய மாநிலத்தில், 2018-19-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, போதிய அயோடின் உள்ள உப்பு நூற்றுக்குச் சுமார் 62 வீடுகளில்தான் இருந்தது. மாநிலங்களுக்குள் இதுவே கடைசி இடம். கல்லுப்பின் மீது நமக்குள்ள பிரியத்துக்கு இதில் பங்குண்டு. அதற்காகக் கடற்பாசி மாத்திரையை வாங்கி விழுங்கப் புறப்படுவதும் தவறு. அளவு மீறிய அயோடின் சிலருடைய தைராய்டையே முடக்கிவிடும்.

ஆகவே செய்யத்தக்கவை எளியவையே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஹீமோகுளோபினோடு நின்றுவிடாமல், இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும், தேவைப்பட்டவர்களுக்குத் தைராய்டையும் அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாட்டைப் பற்றிய கேள்வி ஒவ்வொரு சோகை நோயாளியிடமும் கேட்கப்பட வேண்டும். சத்து மாத்திரைகள் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மருந்தாக அல்லாமல் உணவாகவே விற்கப்படுவதால், மருந்துக்குக் கேட்கிற நிரூபணம் அவற்றுக்குக் கேட்கப்படுவதில்லை. அந்தச் சலுகையை அனுபவிக்கிறவர்கள், இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் தைராய்டு மாத்திரை உடலில் ஏறுவதைத் தடுக்குமாகையால் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதையும், முடிக்காக மிகுதியாகச் சேர்க்கிற பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே பொய்யாகக் காட்டக்கூடும் என்பதையும், புட்டியின் மேலே, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், தமிழில் அச்சிடும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.