குங்குமமா, அரக்கா?

"மாமி, இனி இந்தப் புடவை வியாபாரமே வேண்டாம்!" என்று கண் கலங்க வந்து நின்றாள் அடுத்த வீட்டு ருக்மிணி.

வீட்டிலிருந்தபடியே படம் அனுப்பிப் புடவை விற்பவள் அவள். "படத்தில் குங்குமச் சிவப்பு; வந்தது அரக்கு" என்று நிச்சயதார்த்தப் புடவை ஒன்று திரும்பி வந்துவிட்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது!

"படத்தைக் காட்டு, பார்க்கலாம்" என்றேன். லாப்டாப்பைத் திறந்தாள். உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒரு நிறம்; நின்றுகொண்டிருந்த எனக்கு வேறு நிறம்! மூடியைச் சற்றுச் சாய்த்தால் மூன்றாவது நிறம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

லாப்டாப் திரைகளில் முக்கியமாக மூன்று ரகம் உண்டு. 'டி.என்.' பழைய ரகம், விலை மலிவு. நேருக்கு நேர் பார்த்தால்தான் ஒழுங்கு. கோணம் மாறினால் நிறமும் மாறும். இந்தக் குறையைத் தீர்க்க 1996-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி கொண்டு வந்தது 'ஐ.பி.எஸ்.' பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. 'ஓலெட்' ரகத்தில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும். கறுப்பு என்றால் அசல் கறுப்பு. விலை ஜாஸ்தி. ஒரே படத்தை நெடுநாள் நிறுத்தி வைத்தால் தழும்பு விழவும் கூடும்.

அடுத்தது 'பிட்' கணக்கு. திரையில் எல்லா நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றின் கலவைதான். 6 பிட் திரையில் ஒவ்வொன்றுக்கும் 64 படிகள். மொத்தம் 2,62,144 நிறங்கள். 8 பிட்டில் 256 படிகள், 1,67,77,216 நிறங்கள்! படி குறைந்தால் பட்டின் மெல்லிய நிழலெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும்.

ஆனால், படி எத்தனை என்பது வேறு; மாடி எவ்வளவு உயரம் என்பது வேறு. அந்த உயரத்தைச் சொல்வது 'எஸ்.ஆர்.ஜி.பி.' சதவிகிதம். 100-ஐ ஒட்டியிருந்தால் நல்லது. ருக்மிணியின் விவரச் சீட்டில் '45 சதவிகிதம் என்.டி.எஸ்.ஸி.' என்றிருந்தது. எஸ்.ஆர்.ஜி.பி. கணக்கில் அது 60-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்த மங்கலில் அரக்கு செங்கல்லாகத் தெரிய, பாவம், அவள் சிவப்பை ஏற்றியிருக்கிறாள். வாங்கியவர்களின் நல்ல திரையில் அது குங்குமமாக ஜொலித்திருக்கிறது!

"புது லாப்டாப்புக்கு நான் எங்கே போவேன், மாமி?"

"இப்போது வேண்டாம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் படம் எடு. நிறத்தைத் திருத்தாதே. 'அரக்கு' என்று எழுத்திலும் சொல்லிவிடு. வாங்கும் காலம் வரும்போது ஐ.பி.எஸ்., 8 பிட், 100 சதவிகிதம் என்று மூன்றையும் கேட்டு வாங்கு."

திரும்பி வந்த அரக்குப் புடவையா? அதை நானே வாங்கிக்கொண்டேன். கண்ணால் பார்த்து வாங்கியது. திருப்பிக் கொடுக்கும் உத்தேசமில்லை!