முதிய சாரதிகளும் மருத்துவச் சான்றிதழும்

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் கோரப்படுவது நம் நாட்டின் நடைமுறையாகும். அது அவசியமானது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எனினும், முதியோர் விடயத்தில் இந்நடைமுறை போதுமானதா என்பதை நாம் சிந்தித்தாக வேண்டும்.

இலகுரக வாகனங்களுக்கான அனுமதிப்பத்திரம் பொதுவாக 8 ஆண்டுகள் செல்லுபடியாகின்றது. 68 வயதில் அதனைப் புதுப்பிக்கும் ஒருவர், அடுத்த பரிசோதனைக்கு 76ஆவது வயதிலேயே செல்கின்றார். கண்புரை முற்றுவதற்கும் நீரிழிவு விழித்திரையைப் பாதிப்பதற்கும் இந்த இடைவெளி தாராளமானது. இந்தியாவில் 55 வயதைக் கடந்தோருக்கு 5 ஆண்டுகளுக்கே அனுமதி வழங்கப்படுகின்றது. பிரித்தானியாவில் 70 வயதின் பின்னர் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜப்பானில் 75 வயதைக் கடந்தோரின் நினைவாற்றலும் பரிசோதிக்கப்படுகின்றது.

மன்னார் மாவட்டத்தில் இவ்விடயம் மேலும் கூர்மையடைகின்றது. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி மக்களாயினும், 1990இல் வெளியேற்றப்பட்டு யுத்தத்தின் பின்னர் முசலிப் பகுதியில் மீளக்குடியேறியோராயினும், வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் தொழிலுக்கும் மோட்டார் சைக்கிளையும் முச்சக்கரவண்டியையும் பெரிதும் நம்பியே வாழ்கின்றனர். அனுமதிப்பத்திரத்தை இழக்கும் முதியவர் வருமானத்தையும் நடமாட்டத்தையும் ஒருசேர இழக்கின்றார். மறுபுறம், கட்டாக்காலிக் கழுதைகளும் மாடுகளும் படுத்துறங்கும் மன்னார் வீதிகளில், எதிர்வரும் வாகனத்தின் வெளிச்சத்தில் கண்கூசும் சாரதி தமக்கு மாத்திரமன்றிப் பிறருக்கும் ஆபத்தாகின்றார்.

ஆகவே, பரிசோதனையைத் தளர்த்துவது தீர்வாகாது. 70 வயதைக் கடந்தோருக்குப் புதுப்பிக்கும் காலத்தை 3 ஆண்டுகளாகக் குறைத்து, அதற்கேற்பக் கட்டணத்தையும் குறைப்பதே பொருத்தமானது. தூரக் கிராமங்களுக்கு நடமாடும் மருத்துவ சேவை செல்ல வேண்டும். பார்வைக் குறைபாடு கண்டறியப்படுபவரை வெறுங்கையுடன் திருப்பியனுப்பாது, அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும் ஒழுங்கு ஏற்படுத்தப்படல் வேண்டும். கண்புரை சத்திரசிகிச்சையால் பார்வை மீண்டவர் மீண்டும் சாரதி ஆசனத்தில் அமரலாம். தகுதியைத் தீர்மானிக்க வேண்டியது உடல்நிலையேயன்றி, பிறந்த ஆண்டு மாத்திரம் அன்று.

சான்றிதழ் ஒருநாள் நிலையையே காட்டும். எஞ்சிய நாட்களின் பொறுப்பு சாரதியையும் குடும்பத்தையும் சார்ந்தது. நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுவோர் நோன்பிருக்கும்போது மாலை வேளையில் சீனியின் அளவு திடீரெனக் குறைந்து தலைசுற்றவும் மயங்கவும் கூடும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கையில், அந்நிலையில் வாகனத்தைச் செலுத்தி உயிர்களைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் ஏற்புடையதன்று. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய, தேவாலய சபைகளும் இத்தகைய அறிவுறுத்தலைத் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

முதியோரின் கௌரவத்தையும் வீதியில் செல்வோரின் உயிரையும் ஒருசேரப் பேணுவது இயலாத காரியமன்று. விபத்தொன்று நிகழ்ந்த பின்னர் விழித்துக்கொள்வதை விடுத்து, உரிய அதிகாரிகள் இப்போதே இதில் கவனஞ் செலுத்துவார்களென எதிர்பார்க்கின்றோம்.