100 கோடி ரூபாய்க்கு ஓர் அட்டை: பேஸ்பால் கார்டு முதலீடா, லாட்டரியா?

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் அட்டை 1.26 கோடி டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். 1952-ல் டாப்ஸ் நிறுவனம் சூயிங் கம்மோடு சேர்த்து விற்ற, மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் படம் போட்ட கார்டு அது. விற்றவர் அதை 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். 31 ஆண்டுகளில் 252 மடங்கு!

இப்படி ஒரு செய்தி வந்ததும் எழும் அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இப்பவே நாலு பெட்டி வாங்கிப் போட்டா, பின்னாடி காசு பார்த்துடலாமா? கஷ்டம். அன்றைய கார்டு அரிதானதற்கும், இன்று கடையில் விற்கும் கார்டு ‘அரிது’ என்று பெயர் வாங்குவதற்கும் காரணம் ஒன்றல்ல.

கடலில் கொட்டிய கார்டுகள்

1952-ம் ஆண்டு டாப்ஸ் வரிசையில் மொத்தம் 407 கார்டுகள். அவை பகுதி பகுதியாகக் கடைக்கு வந்தன. 311-ம் எண்ணில் தொடங்கும் கடைசிப் பகுதி, பேஸ்பால் சீசன் முடியும் நேரத்தில் வந்தது. அதற்குள் பசங்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது. மேன்டிலின் எண் சரியாக 311. விற்காத பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. இலவசமாகக்கூட யாரும் வாங்கத் தயாராக இல்லாததால், 1960-ல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகள் கைக்குப் போனவை மட்டும் தப்பித்தனவா? சைக்கிள் சக்கரத்தில் ‘டர்ர்’ சத்தம் வருவதற்காகச் செருகினார்கள். சுவரில் வீசி விளையாடினார்கள். கல்லூரிக்குப் போனதும் மிச்சமிருந்த டப்பாவை அம்மா குப்பையில் போட்டார். ‘அம்மா மட்டும் அதைத் தூக்கிப் போடாம இருந்திருந்தா...’ என்பது அந்தத் தலைமுறை அமெரிக்கர்களின் நிரந்தரப் புலம்பல். ஆனால், எல்லா அம்மாக்களும் எடுத்து வைத்திருந்தால் 100 கோடி என்ற பேச்சே வந்திருக்காது!

இத்தனைக்கும் இது மேன்டிலின் முதல் கார்டுகூட இல்லை. 1951-லேயே பவ்மன் நிறுவனம் ஒன்றை வெளியிட்டுவிட்டது. வழக்கமாக வீரரின் முதல் கார்டுக்குத்தான் மவுசு. இங்கே இரண்டாவது ஆண்டுக் கார்டு அதை முந்திவிட்டது.

ஹோனஸ் வாக்னர் கார்டின் கதையும் இதே மாதிரிதான். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்துக் கொடுத்த வரிசை அது. தன் படத்தைப் போட வாக்னர் சம்மதிக்காததால் அச்சு நின்றுபோனது. குழந்தைகள் புகையிலை வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு கதை. பணம் தரவில்லை என்பது இன்னொன்று. (வாக்னரே புகையிலை மெல்லுகிறவர் என்பதால் முதல் கதையைப் பலர் நம்புவதில்லை.) இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 60. அதில் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

எல்லோரும் பத்திரப்படுத்தினால்?

1980-களில் பழைய கார்டுகளின் விலை செய்தியானதும், இந்தத் தலைமுறை உஷாரானது. பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலேயே பரணில் வைத்தார்கள். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று நம்பியவர்கள் பலர். டாப்ஸ், ஃப்ளீர், டான்ரஸ், ஸ்கோர், அப்பர் டெக் என நிறுவனங்களும் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. 1994-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் போட்டியே ரத்தானது. கார்டு மோகமும் சரிந்தது. அந்தக் காலத்துக்கு இன்றைய பெயர் ‘ஜங்க் வேக்ஸ்’ காலம். மெழுகுத்தாளில் சுற்றிய குப்பை என்று பொருள் கொள்ளலாம்.

1989-ல் அப்பர் டெக் வெளியிட்ட கென் கிரிஃபி ஜூனியர் கார்டு இதற்கு நல்ல உதாரணம். கிரிஃபி சோடை போன வீரர் அல்ல. 2016-ல் 99 சதவீதத்துக்கும் மேல் வாக்கு பெற்று ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பெருமைக்குப் போனவர். கார்டும் ரசிகர்களுக்குப் பிடித்தமானது. ஆனால், பத்துக்குப் பத்து மார்க் வாங்கிய பிரதிகளே 4,000-க்கும் மேல் இருக்கின்றன. விலை எங்கே ஏறும்?

மார்க் போடுவது யார்?

இந்தப் பத்து மார்க் என்பது தனிக் கதை. பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்களுக்குக் கட்டணம் கட்டி கார்டை அனுப்பினால், மூலை, விளிம்பு, அச்சின் நேர்த்தி எல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவார்கள். 2021 ஜனவரியில் 9 மார்க் வாங்கிய மேன்டில் கார்டு 52 லட்சம் டாலருக்கு விற்றது. 1.26 கோடிக்குப் போனது, எஸ்.ஜி.சி. நிறுவனம் 9.5 போட்ட கார்டு. இடையில் சந்தை மாறியதும் ஒரு காரணம். ஆனாலும் அரை மார்க்கில் இவ்வளவு பணம் புரள்கிறது என்றால், மார்க் போடுபவர் மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்?

1991-ல் பி.எஸ்.ஏ. முதன்முதலாகத் தரச் சான்று கொடுத்ததே ஒரு வாக்னர் கார்டுக்குத்தான். மார்க் 8. அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, முன்பு அதை விற்ற வியாபாரி 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2024-ல் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனம், போட்டியாளரான எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டது. தேர்வுத்தாள் திருத்துகிறவர்கள் எண்ணிக்கை இப்படிக் குறைவது சேகரிப்பவர்களுக்கு நல்லதல்ல.

தொழிற்சாலையில் தயாராகும் அரிது

இன்றைய நிறுவனங்கள் கடலையோ அம்மாவையோ நம்பியிருக்கவில்லை. ‘உலகத்தில் ஒன்றே ஒன்று’ என்று அச்சிலேயே எண் போட்டு, லட்சக்கணக்கான பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைக்கின்றன. பால் ஸ்கீன்ஸ் என்ற இளம் பந்துவீச்சாளரின் அப்படியொரு கார்டு, 11 வயதுச் சிறுவனுக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக 30 ஆண்டுகளுக்கான சீசன் டிக்கெட் தரவும் ஸ்கீன்ஸின் பிட்ஸ்பர்க் அணி முன்வந்தது. 2025 மார்ச்சில் ஏலத்தில் 11.1 லட்சம் டாலர் கிடைத்தது. சிறுவனுக்கு மகிழ்ச்சிதான். நிறுவனத்துக்கோ, அடுத்த பெட்டிக்குக் காசில்லா விளம்பரம்.

நேரலையில் பெட்டி பிரிக்கும் ‘பிரேக்’ வியாபாரம் இன்னும் ஒரு படி மேல். ஓர் அணியின் பெயருக்குப் பணம் கட்ட வேண்டும். பெட்டியில் அந்த அணியின் கார்டு வந்தால் கட்டியவருக்கு. வராவிட்டால் பணம் போனதுதான். இதை முதலீடு என்று சொல்வதைவிட லாட்டரி என்று சொல்வதே நேர்மை.

நல்ல கார்டே கிடைத்தாலும் முழு விலையும் கைக்கு வராது. தரச் சான்றுக்கு ஒரு கட்டணம், ஏல நிறுவனத்துக்குக் கமிஷன். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்குகளின் லாபத்துக்கு வருமான வரி அதிகபட்சம் 20 சதவீதம் என்றால், சேகரிப்புப் பொருட்களுக்கு 28 சதவீதம். நடுவில் டிவிடெண்ட், வட்டி என எதுவும் கிடையாது.

பிடித்த வீரருக்காகச் சேர்க்கிறவர்கள், பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிப்பதை விட்டு, வேண்டிய ஒரு கார்டை மட்டும் விலை கேட்டு வாங்குவது மேல். என்ன வருகிறது என்பதாவது முன்கூட்டியே தெரியும். பாக்கெட் பிரிக்கும் சுகம்தான் வேண்டுமென்றால், அதற்கும் வழி இருக்கிறது: 1980-களின் கடைசியில் பரணுக்குப் போன டாப்ஸ் பெட்டிகள் பிரிக்காமலே இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் சூயிங் கம்மை மட்டும் வாயில் போட்டுவிடக் கூடாது.