பழைய பைபிளேனைப் பாடமாக்குவோம்

இந்திய விமானப் படையின் பழைய டைகர் மாத் பயிற்சி விமானம் 2012 அக்டோபர் 8 அன்று, விமானப் படை நாளில், ஹிண்டன் தளத்தின் மேல் மீண்டும் பறந்தது. மர இறக்கைகளும் எஃகுக் குழாய்ச் சட்டமும் துணிப் போர்வையும் கொண்ட அந்த இரட்டை இறக்கை விமானம் (பைபிளேன்) இங்கிலாந்துக்குப் போய்த்தான் உயிர் பெற்றது. 2018-ல் படையில் சேர்ந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டா விமானமும் அங்கேயே சீரமைக்கப்பட்டு இங்கே வந்தது. போர் விமானங்களைக் கட்டும் ஒரு நாடு, 1930களின் பயிற்சி விமானத்தைச் சரிசெய்யக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறது. புதிதாகக் கட்டும் திறமை வேறு, பழையதைப் பிரித்துப் பார்த்துப் பழுதறியும் திறமை வேறு. நமது பொறியியல் கல்லூரிகள் முதலாவதற்கு மதிப்பெண் தருகின்றன. இரண்டாவதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. இந்தக் குறையைக் குறைந்த செலவில் போக்க ஒரு வழி உண்டு. ரிமோட்டில் இயங்கும் பெரிய அளவு பைபிளேன் மாதிரி ஒன்றைச் சீரமைப்பதை, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் ஓராண்டுச் செய்முறைப் பாடமாக வைக்கலாம்.

பெரிய அளவு என்றால் எவ்வளவு? பைபிளேன் மாதிரியின் இறக்கை 60 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது ஏரோமாடலிங் உலகின் வழக்கமான அளவுகோல். அசல் டைகர் மாத்தின் இறக்கை நீளம் சுமார் 8.9 மீட்டர், அதை நான்கில் ஒன்றாகச் சுருக்கினாலே 2.2 மீட்டர் வருகிறது. இப்படிப்பட்ட ஒன்று பல ஆண்டுகள் பரணில் கிடந்து பட்டறைக்கு வந்தால், பெயின்ட் அடிப்பது கடைசி வேலை. முதலில் துணியைக் கிழித்தெடுக்க வேண்டும். எரிபொருளில் கலந்திருந்த ஆமணக்கு எண்ணெய் மூக்குப் பகுதியின் மரத்துக்குள் ஊறி, எஞ்சின் பொருத்தப்பட்ட பிளைவுட் தடுப்பின் பசையை விடுவித்திருக்கும். எண்ணெய் ஏறிய மரத்தில் புதிய எபாக்சி ஒட்டாது. அதை வெட்டி நீக்கித்தான் ஆக வேண்டும். இறக்கையின் ஒவ்வொரு விலாச் சட்டத்தையும் விரலால் அழுத்தி, நெடுஞ்சட்டத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேட வேண்டும். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்திருந்தால், இன்சுலேஷனுக்கு உள்ளேயே செப்புக் கம்பி கறுத்துப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி புத்தம் புதிதாகத் தெரியும். ஆனால், பறக்கும்போது மின்சாரம் விட்டுப்போகும். எல்லாம் முடிந்து புதுத் துணியை இஸ்திரிப் பெட்டியால் இறுக்கும்போது, ஒரு பக்கம் கூடுதலாக இழுத்துக்கொண்டால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடையே ஒரு பாகை கோணம் பிசகினாலும் விமானம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் காட்டிக்கொடுக்கும் குணம்தான் இதைப் பாடமாக்கத் தகுந்ததாக்குகிறது. இன்று மாணவர்கள் பூட்டும் நான்கு விசிறி ட்ரோனில், கட்டுப்பாட்டுக் கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு கை லேசாக வளைந்திருந்தாலும், ஒரு மோட்டார் சற்றுத் தளர்ந்திருந்தாலும், மென்பொருள் அதைச் சமாளித்துவிடும். பயன்படுத்துபவருக்கு அது வரம். கற்பவருக்கு அது திரை. பைபிளேனில் அந்தத் திரை கிடையாது. எடை மையம் வாலை நோக்கி நகர்ந்திருந்தால் விமானம் கைக்கு அடங்காது. டைகர் மாத்தில் பக்கச் சாய்வுக்கான ஐலரான்கள் கீழ் இறக்கையில் மட்டுமே உண்டு. திருப்பத்தில் வால் சுக்கானைச் சேர்த்து இயக்காவிட்டால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் என்பதைப் பாடப் புத்தகம் ஒரு சமன்பாட்டில் சொல்லிவிடுகிறது, மாதிரி விமானம் அதைக் கண் முன்னே நடத்திக் காட்டுகிறது. இதைவிட முக்கியமானது, முன்பின் தெரியாத ஒருவர் செய்த வேலையைப் படித்தறியும் பயிற்சி. வழிகாட்டிப் புத்தகம் கிடையாது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது, ஏன் என்று மாணவரே முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். விமானப் பராமரிப்புக் கூடங்களில் அன்றாட வேலையே இதுதான்.

ஏன் விழுப்புரமும் திண்டிவனமும்? தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என ஐந்து மையங்கள் உண்டு. மாநில அரசின் 2022-ஆம் ஆண்டு வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை பத்தாண்டுகளில் ரூ.75,000 கோடி முதலீட்டை இலக்காக வைத்தது. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே நெடுஞ்சாலையிலேயே இருக்கும் இந்த இரு ஊர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே படிக்கும் பிள்ளைகள் அந்த வேலைகளுக்குப் போக வேண்டுமானால், தொழிற்சாலை பக்கத்தில் வரும்வரை காத்திருக்க முடியாது; கைத்திறனைக் கல்லூரியிலேயே பெற வேண்டும். அதற்கான மூலதனம் அருகிலேயே இருக்கிறது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பக் கலை, புவிசார் குறியீடு பெற்றது. மரத்தின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே வெட்டினால் பிளக்கும் என்பது அந்தச் சிற்பிகளுக்குக் கைப்பழக்கம். தேக்கின் எடையில் கால் பங்கே இருக்கும் பால்சா மரத்தில் வேலை செய்யும் மாணவருக்கு அதுவே முதல் பாடம். விமானத்துக்கும் மரப் பட்டறைக்கும் உறவு நமக்குப் புதிதுமல்ல. 1910-ல் சென்னையில் ஓட்டல் நடத்திய டாஞ்சலிஸ் வடிவமைத்த பைபிளேனைக் கட்டிக்கொடுத்தது, குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்சன் பட்டறை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்களை இந்தக் காலத்திலும் கட்டித் தந்த பொன்மலை ரயில்வே பணிமனை, விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் ரயில் பாதையில்தான் இருக்கிறது. பழைய நுட்பத்தைக் கைவிடாத பணிமனை புதிய வேலைக்கும் ஆயத்தமாக இருக்கும் என்பதற்கு அது சான்று.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அரசுக் கல்லூரிக்கு எதற்கு என்று கேட்கலாம். புதிதாக வாங்கிப் பறக்கவிடுவது செலவு மிகுந்ததுதான். ஆனால் இங்கே கேட்பது பறக்க முடியாத, உடைந்த மாதிரியை. எவ்வளவு பழுதோ அவ்வளவு பாடம். விலையும் அவ்வளவு குறைவு. இறக்குமதி செய்ய வேண்டிய பால்சாவும் மாற்ற வேண்டிய பாகங்களுக்கு மட்டுமே தேவைப்படும். ட்ரோன் காலத்தில் நூறாண்டுப் பழைமையான வடிவம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கூடுதல் கனமான எதிர்ப்பு இதுதான், ஏனென்றால் வேலை கொடுக்கப்போவது ட்ரோன் துறை. ஆனால் நெடுந்தொலைவு அளவைப் பணிகளுக்கான ட்ரோன்கள் நான்கு விசிறியை விட்டு நிலையான இறக்கைக்கு மாறுகின்றன. இறக்கை தரும் தூக்குவிசையில் பறக்கும்போது ஆற்றல் மிச்சமாகிறது. இறக்கையின் கோணமும் முறுக்கமும் எடை மையமும் அங்கேயும் அதே விதிகளுக்குத்தான் கட்டுப்படுகின்றன. முழு ட்ரோன்களின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் தடை விதித்து, பாகங்களை மட்டும் அனுமதித்தது. உள்ளூரில் கட்டுபவர்களும் பழுதுபார்ப்பவர்களும் பெருக வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

ஆபத்து என்பது தள்ளிவிடக்கூடாத வாதம். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள, பெட்ரோல் எஞ்சின் பூட்டிய ஒன்றை விளையாட்டுப் பொருள் என்று சொல்வதே தவறு. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் இதற்கு இடமும் தருகின்றன, வேலியும் போடுகின்றன. கல்வி, ஆய்வு, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வை எல்லைக்குள் இயக்கப்படும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் 2 கிலோவைத் தாண்டினால் இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். முன்அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. விழுப்புரமும் திண்டிவனமும் புதுச்சேரி விமான நிலையத்தின் 12 கிலோமீட்டர் கட்டுப்பாட்டு வட்டத்துக்கு வெளியே இருப்பது ஒரு வசதி. வற்றிய ஏரிப் படுகைகளில் பறக்கவிடலாம் என்ற யோசனை வரும், அது வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலிச் சதுப்பு நிலம் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அதைச் சுற்றியுள்ள ஏரிகளும் பறவைகளுக்கு வேண்டியவை. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் இருக்கிறது. அதில் ஆண்டுக்குச் சில காலைப் பொழுதுகளை உரிய அனுமதியோடு கல்லூரிகளுக்குக் கொடுத்தால் போதும்.

எனவே கோரிக்கை எளியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழுதான பைபிளேன், ஒரு கொட்டகை, ஓராண்டுக் காலம். இயந்திரவியல், மின்னணுவியல் மாணவர்கள் ஒரே குழுவாக வேலை செய்யட்டும். மரவேலை கற்பிக்க மரச் சிற்பி ஒருவருக்கு ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் கொடுக்கப்படட்டும். விமானியின் சான்றிதழுக்கான பயிற்சியைத் தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகம் ஏற்கலாம். ஆனால் மதிப்பெண் பறப்பதற்காக இருக்கக் கூடாது. என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை ஏன் மாற்றினோம் என்று அன்றன்று எழுதிய பதிவேட்டுக்கே மதிப்பெண். பறக்கத் தகுதியில்லை என்று ஆதாரத்தோடு எழுதிவைத்து, விமானத்தைத் தரையிலேயே நிறுத்திவிடும் மாணவர் குழுவுக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். பறக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர், பறக்கக் கூடாது என்று சொல்லவும் துணிய வேண்டும். விமானத் துறை நம்பியிருப்பது அப்படிப்பட்டவர்களின் கையெழுத்தை.