சோறு கேட்கும் சரக்கு

கடன் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்றொரு கட்டம் உண்டு. கறவை மாடு, தையல் இயந்திரம், மளிகைக் கடை விரிவாக்கம் என்று பல்லாண்டுகளாக ஒரே வகைச் சொற்களால் நிரம்பி வந்த அந்தக் கட்டத்தில், பெருநகரக் கிளைகளில் இப்போது புதிய சொற்கள் தென்படுகின்றன. அலங்கார மீன், அயல்நாட்டுப் பறவை, அவற்றைத் தொடர்ந்து பச்சை இகுவானா, பால் பைத்தான். செல்லப்பிராணிக் கண்காட்சியில் ஓர் அரங்கு எடுத்து, இரண்டு நாளில் விற்று முடித்து, கடனை அடைத்துவிடலாம் என்பது விண்ணப்பிக்கும் இளைஞர்களின் கணக்கு. இந்த ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. பல்லியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடும் வீடுகளில், ஊர்வனவற்றின் வெப்பமும் ஈரப்பதமும் அறிந்து அவற்றை வளர்க்கும் தலைமுறை ஒன்று உருவாகியிருப்பது வியப்புக்குரியதே. நமக்குக் கவலை தருவது அவர்கள் போடும் கணக்கு.

ஜெர்மனியின் ஹாம் நகரில் ‘டெராரிஸ்டிகா’ என்னும் ஊர்வனச் சந்தை ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது. அமெரிக்காவிலும் இத்தகைய சந்தைகள் பல. முதன்முறை மேசை போடுபவர் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும், பெட்டிகளை எப்படி அடுக்க வேண்டும், விலைச்சீட்டை எங்கே ஒட்ட வேண்டும் என்று அந்நாட்டினர் பேசும் காணொளிகளை நம் இளைஞர்கள் கண்டு பழகியிருக்கிறார்கள். அவற்றுள் பயனுள்ளவை நிறைய. ஆயினும் அவர்கள் பேசும் சட்டம் நம்முடையதன்று, சந்தையும் நம்முடையதன்று. இந்தியாவில் ஊர்வனவற்றுக்கென்றே கூடும் கண்காட்சிகள் அரிது. நாய், பூனை, மீன் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு மூலையில்தான் அவற்றுக்கு இடம் கிடைக்கிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதன்முறை அரங்கு எடுப்பவர், உயிரினங்களைக் கடன் பணத்தில் கொள்முதல் செய்யக் கூடாது. ஆவணங்கள் கைக்கு வரும்முன் அரங்குக்கு முன்பணமும் கட்டக் கூடாது. கடன் வழங்குவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். திரும்பி வராத கடனால் வங்கிக்கு ஒரு கணக்கு கெடும். வாங்கியவருக்குப் பல ஆண்டுகள் கெடும்.

ஆவணத்திலிருந்து தொடங்குவோம். நம் நாட்டின் ஊர்வன எதுவும் விற்பனைப் பொருள் அன்று. நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு, பச்சோந்தி ஆகியன 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. நட்சத்திர ஆமை 2019 முதல் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் முதலாம் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. மண்ணுளிப் பாம்பை ‘இருதலை மணியன்’ என்று பெயரிட்டு, இலட்சங்களும் கோடிகளும் பேசி ஏமாற்றும் கும்பல்களைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அயல்நாட்டு இனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்னும் எண்ணம் இன்னமும் நிலவுகிறது. ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. 2022இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்நிலையை மாற்றிவிட்டது. சைட்டிஸ் பட்டியல்களில் உள்ள உயிரினங்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. பச்சை இகுவானாவும் பால் பைத்தானும் அவற்றுள் அடக்கம். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர் ‘பரிவேஷ்’ இணையத்தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தோருக்கு ஆறு மாதம் தரப்பட்டு, அதுவும் முடிந்துவிட்டது. புதிதாகப் பெறுவோர் 30 நாளுக்குள் பதிய வேண்டும். கைமாற்றம், குஞ்சு பொரித்தல், இறப்பு என ஒவ்வொன்றையும் தெரிவிக்க வேண்டும். பொது மீறல்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பு அதே திருத்தத்தில் 25,000 ரூபாயிலிருந்து 1 இலட்சமாக உயர்ந்தது; மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. பதிவில்லாத பால் பைத்தான் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சரக்கு அன்று, வழக்கு. ‘நண்பரிடம் வாங்கினேன், சீட்டு இல்லை’ என்பவரிடம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று மகிழ்பவர், அந்த விலைக் குறைவு எதனால் வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தென்கிழக்காசியாவிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பாம்புகளும் ஓணான்களும் சிக்கிய செய்தி, சென்னை, பெங்களூரு விமான நிலையங்களிலிருந்து அடிக்கடி வருகிறது. சிக்காமல் வெளியே வந்தவை எங்கோ ஒரு மேசைக்குத்தான் போகின்றன. கண்காட்சி அமைப்பாளர், ‘எல்லா அனுமதியும் எங்களிடம் உள்ளது’ என்பார். அது அரங்கத்துக்கான அனுமதி. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் உயிருக்கான பதிவு உங்கள் பெயரில்தான் இருந்தாக வேண்டும்.

ஆவணம் சரியாயிற்று என்றே கொள்வோம். அடுத்தது விலை. வணிகவியல் படித்த காலத்தில் இருப்புச் சரக்கை மதிப்பிடும் முறைகளைப் பலவாறு கற்றோம். சோறு கேட்கும் சரக்கைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. விற்காத புடவை அலமாரியில் கிடக்கும். விற்காத பாம்பு எலி கேட்கும், மின்சாரம் கேட்கும், இடம் கேட்கும். இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரிது. உங்களிடம் புடவை வாங்கியவர் அடுத்த ஆண்டு புடவை நெய்து விற்கப் போவதில்லை. உங்களிடம் இணை வாங்கியவர் அடுத்த ஆண்டு குஞ்சு விற்பார். பால் பைத்தான் ஓர் ஈட்டுக்கு ஏறத்தாழ ஆறு முட்டை இடும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், நிறமி குன்றி மஞ்சளும் வெள்ளையுமாகப் பிறந்த அதன் குஞ்சு பல ஆயிரம் டாலருக்கு விலைபோனது. இன்று அதே வகையைச் சில நூறு டாலருக்கே அங்கு வாங்கலாம். அந்தப் பாம்பின் அழகு குறையவில்லை; வாங்கியவரெல்லாம் விற்பவராகிவிட்டார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிட அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: ஈமு. 2012இல் கொங்குப் பகுதியில் அந்தத் தொழில் சரிந்தபோது தெரியவந்தது என்ன? வளர்த்தவர்கள் அனைவரும் அடுத்து வளர்க்க வருபவரையே வாடிக்கையாளராக நம்பியிருந்தனர். இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் காசு கொடுக்கும் கடைசி வாடிக்கையாளர் போதிய அளவில் வரவேயில்லை. அங்கு நிகழ்ந்தது மோசடி, இங்கு நிகழ்வது நேர்மையான பொழுதுபோக்கு. இரண்டையும் ஒன்றாக்குவது நம் நோக்கமன்று. ஆனால் விலை வீழும் முறை ஒன்றே. ஆகவே, இன்றைய விலையை 24 மாதத் தவணைக்கு அடிப்படையாகக் கொண்டு வரும் திட்ட அறிக்கையைக் காணும்போது எமக்குக் கை தயங்குகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகைகள் நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்க. இரண்டு நாள் அரங்க வாடகை 8,000, வண்டி 5,000, தங்குதலும் உணவும் 3,000, பெட்டி, விளக்கு, சீட்டு வகையில் 2,000. ஆகமொத்தம் 18,000. ஓர் உருப்படிக்கு 400 ரூபாய் இலாபம் வைத்தால், செலவை மட்டும் எடுக்கவே 45 உருப்படிகள் விற்க வேண்டும். கண்காட்சிக்கு வருவோரில் வேடிக்கை பார்ப்போரே மிகுதி. பாம்போடு படம் எடுத்துக்கொள்ள ஐம்பது பேர் வரலாம். வாங்க ஐந்து பேர் வருவதே பெரிது.

ஆகவே முதல் மேசையில் உயிரற்ற சரக்கு மிகுதியாக இருக்கட்டும் என்கிறோம். கண்ணாடித் தொட்டி, வெப்ப விளக்கு, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, தேங்காய் நார்த்தூள், நீர்க் கிண்ணம், மறைவிடம். இவை சோறு கேட்பதில்லை; விற்காவிட்டால் அடுத்த கண்காட்சிக்கு வரும்; வாங்கியவர் மீண்டும் வருவார். இதற்குக் கடன் கேட்டால் தாராளமாகப் பரிசீலிப்போம். முத்ராவின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றியே வாய்ப்பு உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: வரிக்குரிய இப்பொருள்களை, உங்களுக்கு நிலையான தொழிலிடம் இல்லாத வேறு மாநிலக் கண்காட்சியில் விற்பதானால், சரக்கு மற்றும் சேவை வரியின் தற்காலிகப் பதிவு வேண்டும். விற்பனை தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள் முன்பே விண்ணப்பித்து, மதிப்பிட்ட வரியை முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

உயிருள்ளவற்றில், தாமே வளர்த்து, தம் பதிவேட்டில் பிறந்த நாளும் உணவு நாளும் குறித்து வைத்த சிலவற்றை மட்டும் கொண்டு செல்வது நன்று. பாம்புக்குப் பயணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் உணவு தரக் கூடாது. தந்தால் வழியிலேயே கக்கிவிடும். அரங்கத்தின் குளிர்சாதனம் பார்வையாளர்களுக்காக இயங்குவது. தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்க இயலாத உயிருக்கு அந்தக் குளிரில் எட்டு மணி நேரம் பெருந்துன்பம். மேசைக்கு மின்முனை உண்டா, மின்தடை நேர்ந்தால் மின்னாக்கி தாங்குமா என்று வாடகை பேசும்போதே கேட்க வேண்டும். காற்றுத்துளையும் பூட்டும் உள்ள தனித்தனிப் பெட்டி, அதன்மேல் இனம், பாலினம், பிறந்த நாள், பதிவு எண் எழுதிய சீட்டு. தொட்டுப் பார்க்கக் கேட்பவர்களிடம் மறுப்பதே முறை. ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அவற்றைத் தொடவே கூடாது.

பணம் பெறுவதில் எம் அனுபவம் சொல்வது கொஞ்சம்தான். கியூஆர் அட்டை கடையின் பெயரில், நடப்புக் கணக்கோடு இணைந்திருக்கட்டும். வீட்டுச் செலவுக் கணக்கோடு கலந்தால் இலாபம் எது, மளிகைப் பணம் எது என்று மாத முடிவில் தெரியாது. அரங்கத்துக்குள் அலைபேசிச் சமிக்ஞை கிடைக்கிறதா என்று முந்தைய நாளே சோதிக்க வேண்டும். வாங்குபவர் நீட்டும் திரையைப் பார்த்துப் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். போலிச் செயலிகள் அச்சுப் பிசகாமல் அந்தத் திரையைக் காட்டும். ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும், அல்லது உங்கள் கணக்கில் தெரிய வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை உள்ளிடச் சொல்பவர் எவராயினும் ஏமாற்றுபவரே.

விற்க மறுப்பதற்கும் தயாராகச் செல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் இகுவானாக் குஞ்சு, ஐந்தடிக்கு மேல் வளரும். பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டு வாழும். அதாவது, வீட்டுக் கடனின் முழுத் தவணைக்காலம். பத்து வயதுப் பிள்ளை அடம்பிடிக்க, தந்தை பணப்பையைத் திறக்கும்போது, ‘இவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பின்னும் இது உங்கள் வீட்டில் இருக்கும், ஐயா’ என்று சொல்லும் விற்பனையாளர் அன்றைக்கு ஒரு விற்பனையை இழப்பார். சொல்லாமல் விற்கப்பட்டவற்றின் கதி என்ன என்பதைச் சிவப்புக் காது ஆமை காட்டுகிறது. நாணயம் அளவுக் குட்டியாகத் தொட்டிக் கடைகளில் வாங்கப்பட்டு, பெரிதானதும் குளத்திலும் ஏரியிலும் விடப்பட்ட அது, உலகின் மிகக் கேடான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. நம் நாட்டு ஆமைகள் அதனோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடுகின்றன.

இரண்டாம் நாள் மாலை, விற்றவற்றின் பெயர், வாங்கியவர் முகவரி, பதிவு எண் ஆகியவற்றை ரொக்கத்தோடு ஒப்பிட்டு அங்கேயே எழுதி முடிக்க வேண்டும். கைமாற்றத்தைத் தெரிவிக்க அந்தக் குறிப்பே ஆதாரம். விற்காமல் திரும்பியவற்றை நேரே பழைய இடத்தில் வைத்துவிடாதீர்கள். அடுத்த மேசையிலிருந்து உண்ணி தொற்றியிருக்கலாம். ஒரு மாதமாவது வேறு அறையில், வேறு நீர்க் கிண்ணத்தோடு இருக்கட்டும். அந்த ஒரு மாதத் தீவனத்தையும் மின்கட்டணத்தையும் கண்காட்சிச் செலவில்தான் எழுத வேண்டும். நம்மிடம் வரும் திட்ட அறிக்கைகளில் அந்த வரிக்கு மட்டும் இன்னும் இடம் ஒதுக்கப்படுவதில்லை.